அட்டையில் வந்த பெயர்

மாதம் பிறந்து முதல் வாரத்தில் ஏதோ ஒரு நாள், மதுரையிலிருந்து வரும் காலை பஸ்ஸில் 'கருநிலா' மாத நாவல் கட்டு கோவில்பட்டி பஸ் நிலையத்தில் வந்து இறங்கும். அன்றைக்கு லிங்கராஜ் தன் உரக்கடையில் இருக்க மாட்டான். கணக்குப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டு நல்லக்கண்ணுவின் புத்தகக் கடைக்கு வந்துவிடுவான். கட்டுக் கயிறை அறுத்ததும் மேலே இருக்கும் பிரதியை எடுத்து நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்புவான். அந்த மாதத்து நாவலில் யார் யாரைக் கொன்றார்கள், எந்தப் பங்களாவில் எந்தப் பேய் உலவியது என்பதெல்லாம் அவனுக்குப் பிறகுதான். கடைசிப் பக்கத்தில் 'விரைவில் எதிர்பாருங்கள்' என்று போட்டு, ஒரு மண்டையோடும் ஒரு ராக்கெட்டும் வரைந்து, அடுத்து வரப்போகும் நாவல்களின் பெயர்களை அச்சடித்திருப்பார்கள். அங்கே தன் பெயர் வரும் என்று அவன் பல வருஷமாகக் காத்திருந்தான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி மாதம் அந்தப் பக்கத்தைத் திருப்பியபோது அவனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. காரணம் இருந்தது. தை மாதத்தில் கருநிலாக்காரர்கள் ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். விஞ்ஞானக் கதை, மாயக் கதை, பேய்க் கதை என்று மூன்று வகைக்கும் மூன்று புது எழுத்தாளர்களைத் தேர்ந்தெடுத்து வெளியிடப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். லிங்கராஜ் தன்னுடைய 'நெப்டியூனில் ஒரு நிழல்' நாவலை அனுப்பியிருந்தான். முடிவு இந்த மாதம்.

விஞ்ஞானக் கதைக்கு எதிரே சேலத்துக்காரர் ஒருவர் பெயர் இருந்தது. லிங்கராஜ் அதை இரண்டு முறை படித்தான். எழுத்துக்கூட்டிக்கூடப் படித்துப் பார்த்தான். சேலம் சேலமாகவே இருந்தது. மாயக் கதைக்கு யாரோ ஒரு கும்பகோணத்துப் பையன். போகட்டும் என்று பக்கத்தை மூடப்போனவன் கண்ணில் மூன்றாவது வரி பட்டது.

'வாய் பிளந்த கரிசல். குலை நடுங்க வைக்கும் திகில் நாவல். எழுதுபவர்: சுதாராணி லிங்கராஜ், கோவில்பட்டி.'

சுதாராணி அவன் மனைவி.

நல்லக்கண்ணுவும் இன்னொரு பிரதியில் அதே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

"அண்ணாச்சி! ஆளு பெரிய கள்ளன்லா நீங்க! மதினி பேர்ல எழுதி அனுப்பிட்டு, ஒண்ணுந் தெரியாத மாதிரி வந்து நிக்குதீங்க!"

அந்த இடத்தில், "இல்ல நல்லக்கண்ணு, அது அவ எழுதுனதுதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. லிங்கராஜ் சொல்லவில்லை. அவன் சிரித்தான். ஆமாம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நல்லக்கண்ணு ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, பக்கத்து பழக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

லிங்கராஜை ஊரில் 'எழுத்தாளர் அண்ணாச்சி' என்றுதான் சொல்வார்கள். கல்லூரியில் படிக்கும்போது, சந்திரனில் பருத்தி விதைப்பதைப் பற்றி அவன் எழுதிய சிறுகதை ஒன்று வாரப்பத்திரிகையில் வந்தது. அதோடு சரி. அப்பாவுக்குப் பிறகு உரக்கடைக்கு வந்து யூரியாவும் டி.ஏ.பி.யும் விற்றபோதும் அந்தப் பட்டம் அவனை விட்டுப் போகவில்லை. அவனும் விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு நாவல் எழுதினான். எல்லாம் விண்வெளியில் நடந்தன. அவன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பதால் சுதாராணிதான் அத்தனையையும் பிரதி எடுத்துக் கொடுப்பாள். அவள் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதி எழுதி அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். பிரதி எடுக்கும்போது இடையிடையே ஏதாவது கேட்பாள். "இந்த விஞ்ஞானி கெளம்புனதுலேருந்து ஒரு வாய் சாப்பிடலையே, பசிக்காதா அவருக்கு?" என்பாள். லிங்கராஜுக்கு எரிச்சல் வரும். "மாத்திரை சாப்பிடுவான்டி, எழுது" என்பான்.

போட்டி அறிவிப்பு வந்த சமயத்தில், நெப்டியூனைப் பிரதி எடுத்து முடித்துவிட்டு, "நானும் ஒண்ணு எழுதிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எழுது, எழுது. யாரு வேண்டாம்னா?" என்றான் அவன். பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டவன், பின்னால் நிற்பவர்களைப் பார்த்து இடம் இருக்கிறது என்று சொல்வானே, அந்தத் தாராளம். இரண்டு கவர்களையும் அவன்தான் தபால் ஆபீஸுக்குக் கொண்டுபோனான். தன் கையாலேயே இரண்டுக்கும் தபால் தலை ஒட்டினான்.

அன்று மத்தியானம் சாப்பிட வந்தபோது புத்தகத்தை அவள் முன்னால் வைத்து, "வந்திருக்கு பாத்தியா" என்றான். குரலை எவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொண்டான்.

அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ஆனால் ஆச்சரியப்படவில்லை. அதை லிங்கராஜ் கவனித்துவிட்டான்.

"ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"போன வாரம் ஸ்கூல் அட்ரஸுக்கு ஒரு கார்டு போட்டிருந்தாவ."

"சொல்லவே இல்ல?"

சுதாராணி ரசத்தைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "ஒங்களுதுக்கும் வந்திரும், ரெண்டையும் சேத்துச் சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறாள் என்பது, அவள் ஜெயித்ததைவிட அதிகமாக அவனுக்கு உறைத்தது. "ரொம்ப சந்தோஷம்" என்றான். அன்றைக்கு ரசத்தில் புளி தூக்கலாக இருக்கிறதென்று இரண்டாம் சோறு போட்டுக்கொள்ளாமல் எழுந்துவிட்டான். ரசத்தில் ஒரு குறையும் இல்லை.

நாவல் ஐப்பசியில் வருவதாக இருந்தது. அதுவரைக்குமான நாட்களை லிங்கராஜ் எப்படிக் கடத்தினான் என்பதை அவனே யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான். கருநிலாக்காரர்களின் அச்சகம் ஏதாவது காரணத்தால் மூடிப்போகாதா என்று நினைத்தான். காகித விலை ஏறி மாத நாவல்களெல்லாம் நின்றுபோகும் என்று பேப்பரில் செய்தி வந்தபோது அதை இரண்டு தடவை படித்தான். சுதாராணி தன் கையெழுத்துப் படியை எடுத்து நீட்டி, "படிச்சிட்டுச் சொல்லுங்களேன், எங்கயாவது திருத்தணும்னா இப்பவே எழுதிப் போட்டிரலாம்" என்றபோது, "இப்ப சீசன் நேரம்டி, கடையில விதை வாங்குத கூட்டம். புத்தகமா வரட்டும், நிம்மதியாப் படிக்கேன்" என்றான். சீசன் என்பது பொய்யில்லை. புரட்டாசி பிறந்தால் எப்போதும்வென்றான், புதூர்ப் பக்கத்துச் சம்சாரிகள் உளுந்து விதைக்கும் பருத்தி விதைக்கும் கடை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் கூட்டம் ஓய்ந்த நேரத்திலும் அவன் அந்தத் தாள்களைத் தொடவில்லை. படித்து, மோசமாக இருந்தால் தன்னைத் தோற்கடித்தது ஒரு மோசமான கதை என்றாகும். நன்றாக இருந்தால்? அதை அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஊர் வேறு சும்மா இருக்கவில்லை. நல்லக்கண்ணு வாய் பெரிய வாய். வங்கிக்குப் போனால் அங்கே ஒருவர், "என்ன அண்ணாச்சி, பேய்க்கு எறங்கிட்டீங்க போல!" என்பார். டீக்கடையில், "பொம்பளை பேர்ல எழுதுனாத்தான் இப்ப ஓடுது, வெவரம்தான்" என்பார்கள். ஒவ்வொரு முறையும் லிங்கராஜ் அதே சிரிப்பைச் சிரித்தான். சிரிக்கச் சிரிக்க அது சுலபமாகிவிட்டது. ஒரு நாள் டீக்கடையில், "கரிசல் காட்ட வச்சுப் பேய்க்கதை எழுதணும்னு எப்படி அண்ணாச்சி தோணுச்சு?" என்று ஒருவர் கேட்டபோது, "உரம் விக்கிறவனுக்கு மண்ணு தெரியாமலா இருக்கும்?" என்று பதிலே சொல்லிவிட்டான். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. திரும்பி வரும்போது அது ஒரு நல்ல பதில் என்றும் தோன்றியது.

சாயங்காலங்களில் சுதாராணி மகள் விஜியைப் பாடம் படிக்க உட்கார்த்தி வைத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து எதையோ எழுதுவாள். லிங்கராஜும் எதிரே உட்கார்ந்து காகிதத்தை வைத்துக்கொள்வான். அவன் பேனா நகராது. அவள் பேனா நகரும் சத்தம் கேட்கும். எலி சுரண்டுவதுபோல் அந்தச் சத்தம் அவன் காதுக்குள் சுரண்டும். "லைட்ட அணை, கரண்டு பில்லு ஏறுது" என்பான். அவள் காகிதங்களை எடுத்துக்கொண்டு முற்றத்து விளக்குக்கு எழுந்து போவாள்.

புத்தகம் வந்தது. அட்டையில் விரிசல் விட்ட கருப்பு மண், அதிலிருந்து ஒரு பெண்ணின் கை. மேலே சிவப்பு எழுத்தில் பெயர். நல்லக்கண்ணு கட்டை அவிழ்த்த அன்றைக்கே விற்றுத் தீர்த்துவிட்டு மதுரைக்குப் போன் போட்டு இன்னும் வரவழைத்தார். தீப்பெட்டி ஆபீஸ் வேன்களில் வேலைக்குப் போகும் பெண்களில் ஒருத்தி படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டு போனார்கள். கடைக்கு வந்த ஒரு சம்சாரி, "எங்க வீட்டுப் பிள்ளைக பொழுதடைஞ்சா வெளிய எறங்க மாட்டேங்குதுக. என்னத்த எழுதித் தொலைச்சீங்க மொதலாளி?" என்று கேட்டார். லிங்கராஜ் ஒரு பிரதியை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினான். திறக்கவில்லை.

அடுத்த வாரம் சௌந்தரபாண்டியன் கடைக்கு வந்தார். அவர் டுட்டோரியல் நடத்துபவர். ஊரில் மர்ம நாவல், பேய் நாவல் படிக்கிறவர்களைச் சேர்த்து ஒரு வாசகர் வட்டமும் நடத்திக்கொண்டிருந்தார். மஞ்சள் நோட்டீஸ் ஒன்றை மேஜைமேல் வைத்தார். 'வாய் பிளந்த கரிசல் நாவலாசிரியர், நமது ஊர் எழுத்தாளர் லிங்கராஜ் அவர்களுக்குப் பாராட்டு விழா. ஞாயிறு மாலை. அனைவரும் வருக.'

"மதினியையும் கூட்டிட்டு வந்திருங்க. பேர இரவல் குடுத்தவியல்லா!" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

அந்த நோட்டீஸ் அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் அம்மா சுதாராணியிடம் கொடுத்திருந்தாள். அவன் உள்ளே நுழைந்ததும் அவள் அதை நீட்டினாள். கோபமாக நீட்டவில்லை.

"என்னங்க இது?"

"அவிய அப்பிடி நெனைச்சிட்டாவ."

"நீங்க சொல்லலையா?"

"நோட்டீஸ் அடிச்சு முடிச்சிட்டு வந்து நிக்காரு. மூஞ்சிக்கு நேர எப்பிடிச் சொல்ல? அங்கன வச்சு மைக்குல சொல்லிருதேன். அதுதான் ஒனக்கும் மரியாதை. ஊருக்கே தெரிஞ்சிரும்."

சுதாராணி நோட்டீஸை நாலாக மடித்தாள். "சொல்லிருவீங்கல்லா?"

"பின்னே?"

சொல்லும்போது அவன் உண்மையாகத்தான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என்ன பேசுவதென்று மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தான். 'நண்பர்களே, ஒரு சின்னத் தவறு நேர்ந்துவிட்டது' என்று தொடங்கி, எல்லோரும் கைதட்ட, தான் பெருந்தன்மையாக மனைவியை மேடைக்கு அழைப்பதாக முடித்தான். அந்தப் பேச்சிலும் கைதட்டல் அவனுக்குத்தான் விழுந்தது என்பதை அவன் கவனிக்கவில்லை.

டுட்டோரியல் மாடியில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். பெண்களும் நிறைய வந்திருந்தார்கள். சுதாராணி நீலப் பட்டுச் சேலை கட்டி, மகளோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். லிங்கராஜ் மேடையில். சௌந்தரபாண்டியன் நாவலை அத்தியாயம் அத்தியாயமாகப் புகழ்ந்தார். "பேய்க்கதை எழுத ஆயிரம் பேர் இருக்கான். நம்ம மண்ணு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு எழுதுனவன் இவர் ஒருத்தர்தான்!" என்றார். சால்வை போர்த்தினார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தச் சத்தம் லிங்கராஜுக்குள் இறங்கி, எத்தனையோ வருஷமாகக் காய்ந்து கிடந்த இடத்தையெல்லாம் நனைத்தது.

மைக் முன்னால் போய் நின்றான். 'ஒரு சின்னத் தவறு' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே அத்தனை முகங்கள். நல்லக்கண்ணு முன் வரிசையில் இருந்து பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கதை எனக்கு எப்படித் தோணுச்சுன்னா…" என்று ஆரம்பித்தான்.

அதற்கப்புறம் அவனால் நிறுத்த முடியவில்லை. ஒரு கோடையில் உரம் கொண்டுபோனபோது புதூர்ப் பக்கம் கரிசல் காட்டில் கால் நுழையும் அளவு வெடிப்பைப் பார்த்ததாகச் சொன்னான். தூக்கம் வராமல் தவித்ததாகச் சொன்னான். ஒரே மூச்சில் எழுதி முடித்ததாகச் சொன்னான். சொல்லும்போது அவன் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை.

"வாசகர்கள் கேள்வி கேக்கலாம்" என்றார் சௌந்தரபாண்டியன்.

வெள்ளைத்தாய் எழுந்தாள். அவள் மாதாங்கோயில் பக்கம் தையல் கடை வைத்திருந்தாள். கருநிலா ஒரு இதழ்கூட விட்டதில்லை என்று நல்லக்கண்ணு எல்லோரிடமும் சொல்வார்.

"அண்ணாச்சி, கடைசி அத்தியாயத்துல மரகதம் வெடிப்புக்குள்ள கைய விடுதா. உள்ள இருந்து ஒரு கை அவளைப் புடிக்கு. அது யாரு கை? நானும் மூணு வாட்டி படிச்சிட்டேன். எங்க கடையில ரெண்டு கட்சியா நின்னு சண்டை போடுதோம்."

லிங்கராஜ் தொண்டையைச் செருமினான். "பேயோட கைதான்."

"எந்தப் பேயி அண்ணாச்சி?"

"கதையில வருதே, அந்தப் பேயிதான்."

வெள்ளைத்தாய்க்குக் குழப்பமாக இருந்தது. அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே குழம்பித்தான் கேட்டாள். "கதையில பேயே வராதே அண்ணாச்சி. பேய்ங்கிற வார்த்தையே ஒரு எடத்துலயும் கெடையாது. அதானே அதுல விசேஷமே?"

என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே லிங்கராஜின் கண் மூன்றாவது வரிசைக்குப் போயிற்று. பரீட்சையில் விடை தெரியாத பையன் பக்கத்துப் பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அவன் கண் போன இடத்துக்கு வெள்ளைத்தாயின் கண் போனது. பிறகு நல்லக்கண்ணு திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லோரும்.

சுதாராணி தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தாள். எல்லோரும் பார்ப்பது தெரிந்து நிமிர்ந்தாள்.

"அக்கா, அப்ப நீங்க சொல்லுங்க" என்றாள் வெள்ளைத்தாய், மெதுவாக.

சுதாராணி எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் பேசுவதுபோல் நிதானமாகப் பேசினாள்.

"மரகதத்துக்கு முன்னால அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள்னு நீங்க வச்சிக்கிடலாம். வேற யாருன்னாலும் வச்சிக்கிடலாம். எனக்கு அது யாருங்கிறது முக்கியமாப் படலை. அந்தக் கை அவளை உள்ள இழுக்கலை. என்னைய மேல தூக்கிவிடுன்னுதான் புடிச்சிது. மரகதம் பயத்துல உதறிட்டு ஓடுதா. அன்னைக்குத்தான் மழை. வெடிப்பு மூடிருது. பயந்தவளும் அவதான், கொலை செஞ்சவளும் அவதான்."

யாரோ ஒரு பெண், "ஐயையோ" என்றாள். வெள்ளைத்தாய் நின்றவாக்கிலேயே கைதட்டினாள். அதோடு சேர்ந்து மாடி முழுக்கக் கைதட்டியது. லிங்கராஜுக்குத் தட்டியதைவிடச் சத்தம் கூடவா குறைவா என்று அந்த நிலையிலும் அவன் காது அளந்துகொண்டிருந்தது. கூடத்தான்.

சௌந்தரபாண்டியனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்தது ஒரே சால்வை. அது லிங்கராஜ் தோளில் இருந்தது. அவர் அதைப் பார்ப்பதும் சுதாராணியைப் பார்ப்பதுமாக நின்றார். சுதாராணிதான் முடித்து வைத்தாள்.

"சால்வை அவிய தோள்லயே கெடக்கட்டும் அண்ணாச்சி. எனக்கு ஏற்கெனவே புழுக்கமா இருக்கு."

சிலர் சிரித்தார்கள். லிங்கராஜுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தார்கள். மகள் மட்டும் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் போய், மகளைச் சாப்பிட வைத்து, பட்டுச் சேலையை மாற்றி மடித்து வைக்கும் வரையில் சுதாராணி வாய் திறக்கவில்லை. திட்டட்டும் என்று லிங்கராஜ் காத்திருந்தான். திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். நீயும் கார்டு வந்ததை மறைத்தவள்தானே என்று கேட்கலாம்.

"நீங்க மைக்குல சொல்ல மாட்டீங்கன்னு எனக்குப் பாதி தெரியும்" என்றாள் அவள் கடைசியில். "அது போவட்டும். நீங்க படிக்கலைங்கிறது எனக்குத் தெரியாது. வெளியதான் படிக்காத மாதிரி இருக்கீங்க, கடையில வச்சு எப்பயோ ஒளிச்சுப் படிச்சிருப்பீங்கன்னு நெனைச்சிட்டு இருந்தேன். ஊரெல்லாம் வாங்கிப் படிக்கு. நீங்க ஒரு பக்கங்கூடப் புரட்டலைங்கிறது அந்தப் பிள்ளை கேட்டப்பத்தான் தெரிஞ்சுது. ஒங்களோட நெப்டியூனு, வியாழன் எல்லாத்தையும் நான் வரி வரியா எழுதியிருக்கேன்."



மறுநாள் மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் மேஜை இழுப்பறையைத் திறந்து புத்தகத்தை எடுத்தான். குறை கண்டுபிடிக்கலாம் என்றுதான் எடுத்தான். கையில் பென்சிலும் வைத்துக்கொண்டான். முதல் அத்தியாயத்தில் இரண்டு இடத்தில் கோடு போட்டான். இரண்டாவதில் ஒரு இடத்தில். மூன்றாவதில் பென்சில் எங்கே உருண்டு போனதென்று தெரியவில்லை.

கதையில் மரகதம் வாக்கப்பட்ட சம்சாரி வீட்டில் பேசுகிறதெல்லாம், ராத்திரி சாப்பாட்டில் சொன்ன குத்தல், சண்டையில் பாதியில் நிறுத்திய வார்த்தை எல்லாம், மறுநாள் காட்டு வெடிப்புக்குள்ளிருந்து மெல்லக் கேட்கிறது. மரகதம் மட்டும் கேட்கிறாள். கடைசிப் பக்கத்தில் இருந்தது இது: 'மழை விழுந்தது. கரிசல் வாயை மூடிக்கொண்டது. மெல்லுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.'

லிங்கராஜ் அந்த வரியிலேயே நின்றுவிட்டான். இது நான் எழுதியிருக்க வேண்டிய வரி என்று தோன்றியது. அடுத்த நொடியே, சாகும் மட்டும் தனக்கு இது வந்திருக்காது என்றும் தெரிந்தது. அந்த எரிச்சலுக்கு நடுவே முதுகுத்தண்டில் சில்லென்று என்னவோ ஏறியது. அந்த நேரம் பார்த்து எப்போதும்வென்றான் ஊர்ச் சம்சாரி சுடலைமாடன் பின்னால் வந்து, வெறும் சாக்கைத் தொப்பென்று தரையில் போட்டு, "மொதலாளி" என்றார். லிங்கராஜ் அலறிக்கொண்டு எழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது.

"என்ன மொதலாளி, பட்டப்பகல்ல!" என்று சுடலைமாடன் திகைத்துப் போனார். அவர் கண் மேஜைமேல் கிடந்த அட்டையில் விழுந்தது. "இதா? எங்க ஊர்ல பேசிக்கிடுதாவ. நீங்க எழுதுனத நீங்களே படிச்சுப் பயப்படுதீங்களா?"

"நான் எழுதலைய்யா. என் வீட்டுக்காரி எழுதுனது."

சொல்வதற்கு எளிதாக இல்லை. பல்லைப் பிடுங்குவது போலிருந்தது. சுடலைமாடனுக்கு அது பெரிய சங்கதியாகவும் படவில்லை. "அப்பிடியா" என்று சொல்லிவிட்டு, பருத்திக்குப் புழு விழுந்திருக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டார்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்கு முன்னாலேயே கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். சுதாராணி அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிலைப்படியில் சாய்ந்து நின்றான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். அந்தச் சொல் வரவில்லை.

"பயமா இருக்குட்டி ஒன் கதை" என்றான்.

அவள் ஆய்வதை நிறுத்தவில்லை. "எந்த எடம்?"

"அவ மாமியா வெளக்கு வைக்கும்போது சொல்லுத வார்த்தை, மறுநா காட்டுல அதே குரல்ல கேக்குதே, அங்கன."

"அப்புறம்?"

"கடைசி வரி."

"அப்புறம்?"

அவன் சொல்லிக்கொண்டே போனான். அவள் கீரையை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். எத்தனையோ பேர் அவளிடம் புத்தகம் நன்றாக இருக்கிறதென்று சொல்லியிருந்தார்கள். எந்த இடம் என்று அவள் கேட்டது இவன் ஒருவனைத்தான்.

"அஞ்சாவது அத்தியாயம் கொஞ்சம் இழுவை" என்றான் நடுவில்.

அவள் முகம் சட்டென்று சுருங்கியது. அதைப் பார்த்ததும் அவனுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அது எட்டிப் பார்த்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அவள் யோசித்துவிட்டு, "ஆமா. அது எனக்கும் தெரியும். பக்கம் பத்தலைன்னு இழுத்தேன்" என்று ஒத்துக்கொண்டாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "கருநிலாவுலேருந்து அடுத்ததுக்குக் கேட்டிருக்காவ. மாசிக்குள்ள குடுக்கணுமாம்."

அவன் நெஞ்சுக்குள் அந்தப் பழைய முள் மறுபடியும் ஏறியது. துளியும் மழுங்காமல் ஏறியது. இது இனி தன்னோடேயே இருக்கும், எங்கும் போகாது என்று அவனுக்குப் புரிந்தது. அவன் அடுக்களைக்குள் வந்து, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கீரைக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சரி, என்ன கதை? சொல்லு" என்றான்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவனுக்குக் கீரை ஆயத் தெரியாது. தண்டையெல்லாம் இலையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். கதையின் நடுவிலேயே அவள் அவன் கையைத் தட்டிவிட்டு, அதையெல்லாம் பொறுக்கி எடுத்தாள்.